268 கிலோமீட்டர், 1 மணி 10 நிமிஷம்: டிக்கெட்ல தெரியாத அந்த அஞ்சு மணி நேரத்துக்கு யார் பணம் கட்டுறாங்க?

போன வாரம் நம்ம சேனல்ல கிரெடிட் கார்டு வீடியோ போட்டப்போ, கமென்ட்ல நிறைய பேர் கார்டு ஸ்டேட்மென்ட் பத்திக் கேட்டிருந்தீங்க. படிச்சுப் பார்த்ததுல ஒரு விஷயம் அடிக்கடி கண்ணுல பட்டது. பெங்களூர்ல வேலை, சென்னையில வீடு. மாசம் ரெண்டு தடவை ஊருக்குப் போக ஃப்ளைட் டிக்கெட். "சார், ஒரு மணி நேரத்துல போயிடலாம், அதான்" என்பதுதான் எல்லோரும் சொல்ற காரணம்.

அந்த "ஒரு மணி நேரம்" எங்கிருந்து வருதுன்னு இன்னிக்கு உட்கார்ந்து பார்த்துடுவோம். இது விமானப் பயணக் கட்டுரை இல்லை, கணக்குக் கட்டுரைதான். கையில ஒரு பேப்பர் வெச்சுக்கோங்க.

சென்னை விமான நிலையத்துக்கும் பெங்களூர் கெம்பேகௌடா விமான நிலையத்துக்கும் நடுவுல தூரம் எவ்வளவுன்னு தேடினா, சுமார் 268 கி.மீ.னு வரும். இது ரோட்டுத் தூரம் இல்லை. பூமி உருண்டைங்கிறதால, அதன் ஆரத்தை 6,371 கி.மீ.னு எடுத்துக்கிட்டு, ரெண்டு இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை வெச்சுப் போடுற வளைகோட்டுக் கணக்கு. ஒரு காக்கா எங்கயும் திரும்பாம நேரா பறந்தா எவ்வளவு தூரமோ, அது. ரயில்ல இதே ஊர்களுக்கு நடுவுல சுமார் 360 கி.மீ. ரோட்டுல கிட்டத்தட்ட 350.

ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒரு ஜெட் விமானம் மேல போன பிறகு மணிக்கு 830 கி.மீ. வேகத்துல போகும். 268-ஐ 830-ஆல வகுத்தா 19 நிமிஷம் சொச்சம். நிஜமாவே வெறும் 19 நிமிஷம்! ஆனா எந்த விமானமும் தரையிலிருந்து அந்த வேகத்துல கிளம்புறது இல்லை. ஏறணும், இறங்கணும், ஓடுபாதைக்கு நேரா திரும்பி வரிசையில நிக்கணும். அதனால தூரத்தை வெச்சு நேரம் சொல்ற பல கணக்கீடுகள் மேல ஒரு அரை மணி நேரத்தைச் சேர்த்து, 50 நிமிஷம்னு காட்டும்.

டிக்கெட்ல பார்த்தா 1 மணி 10 நிமிஷம்னு போட்டிருக்கும். ஏன்? அது பறக்குற நேரம் இல்லை, பிளாக் டைம். சக்கரத்துக்கு வெச்சிருக்கிற கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பிக்கிறதுல இருந்து, அந்தப் பக்கம் போய் நின்னு மறுபடியும் கட்டை வைக்கிற வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, முன்னாடி நாலு விமானம் நின்னா காத்திருக்கிறது, இறங்கின பிறகு பே கிடைக்கிற வரை நிக்கிறது எல்லாம் இதுக்குள்ள அடங்கும். நிறுவனங்கள் இதுல கொஞ்சம் தாராளமாவே நேரம் போட்டு வெக்கும். குறிச்ச நேரத்துல இருந்து 15 நிமிஷத்துக்குள்ள இருந்தா, நம்ம ஊர் கணக்குல அது "சரியான நேரம்"தான். விமானம் சில நாள் "பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்"னு அறிவிப்பு கொடுக்குதே, அதுக்குப் பாதிக் காரணம் இந்தத் தாராளம்தான். கம்பெனி பட்ஜெட்ல செலவைக் கூட்டிப் போட்டுட்டு, வருஷக் கடைசியில "மிச்சம் பிடிச்சோம்"னு கை தட்டிக்கிறது எங்க தொழில்ல பழகின விஷயம். அதனால எனக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை.

ஆக 19 நிமிஷம், 50 நிமிஷம், 70 நிமிஷம்னு மூணு நம்பர். மூணுமே அதனதன் அளவுல சரி. ஆனா மூணுல ஒண்ணுகூட உங்க பயணத்தோட நேரம் இல்லை. நீங்க பணம் கொடுத்து வாங்குறது ஏர்போர்ட்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு இல்லையே. உங்க பிஜி ரூம் கதவுல இருந்து அம்மா வீட்டுக் கதவு வரைக்கும்.

ஃபிக்ஸட் காஸ்ட், வேரியபிள் காஸ்ட்

காஸ்டிங் படிச்சவங்களுக்கு இது தெரிஞ்ச பாடம். ஒரு சட்டை தைச்சாலும் ஆயிரம் சட்டை தைச்சாலும் கடை வாடகை மாறாது. அது ஃபிக்ஸட் காஸ்ட். துணிச் செலவு எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி ஏறும். அது வேரியபிள். விமானப் பயணத்துலயும் அதே கதைதான். ஏர்போர்ட்டுக்குப் போறது, செக்-இன், செக்யூரிட்டி, காத்திருக்கிறது, பெல்ட்ல பை வர்றது, அந்தப் பக்கம் வீட்டுக்குப் போறது எல்லாம் ஃபிக்ஸட். நீங்க பெங்களூர் போனாலும் டெல்லி போனாலும் இது குறையாது. தூரத்தோட ஏறுறது பறக்குற நேரம் மட்டும்தான்.

ஒரு உதாரணம் போடுவோம். எலக்ட்ரானிக் சிட்டியில தங்கியிருக்கீங்க. சென்னை வீடு பெரம்பூர்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை மணி ஃப்ளைட்.

கெம்பேகௌடா விமான நிலையம் 2008-ல தேவனஹள்ளியில திறந்தது. ஊருக்கு வடக்கே. எலக்ட்ரானிக் சிட்டி ஊருக்குத் தெற்கே, ஓசூர் ரோட்டுல. அதாவது சென்னைக்குப் போற ரோட்டுலயே உட்கார்ந்துக்கிட்டு, அதுக்கு முதுகைக் காட்டி 50 கி.மீ.க்கு மேல வடக்கே போறீங்க. வெள்ளிக்கிழமை சாயங்கால டிராஃபிக்ல 2 மணி 15 நிமிஷம்னு வெச்சுக்கலாம். இதைக் குறைச்சுப் போட்டிருக்கேன்னு சில பேர் திட்டுவீங்க, தெரியும். பொதுவா ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே செக்-இன் கவுன்ட்டரை மூடிடுவாங்க. அதனால ஒன்றரை மணி நேரம் முன்னாடி அங்க இருக்கணும். பறக்குறதுக்கு 1 மணி 10 நிமிஷம். இறங்கி வெளிய வர 25 நிமிஷம். சென்னை ஏர்போர்ட்லயே மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு. சென்ட்ரல் வந்து, ஆட்டோ பிடிச்சு பெரம்பூர் சேர ஒரு மணி நேரம். எல்லாம் சேர்த்தா 6 மணி 20 நிமிஷம். இதுல பறக்குறது 1 மணி 10 நிமிஷம், மீதி 5 மணி 10 நிமிஷம் ஃபிக்ஸட்.

இப்போ ரயில். 2022 நவம்பர்ல தென்னிந்தியாவோட முதல் வந்தே பாரத் சென்னைக்கும் மைசூருக்கும் நடுவுல பெங்களூர் வழியா ஓட ஆரம்பிச்சது. பெங்களூர்ல இருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 4 மணி 25 நிமிஷம். 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் மெட்ரோ வந்த பிறகு, எலக்ட்ரானிக் சிட்டியில இருந்து மெஜஸ்டிக் போறது பழைய கொடுமை இல்லை. மாறிப் போக 1 மணி 10 நிமிஷம்னு வைங்க. ஸ்டேஷன்ல அரை மணி நேரம். சென்ட்ரல்ல இருந்து பெரம்பூர் அரை மணி நேரம். மொத்தம் 6 மணி 35 நிமிஷம்.

வித்தியாசம் 15 நிமிஷம்.

பணம்? டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும். நான் போடுற நம்பர் உதாரணத்துக்கு, உங்க நம்பரை நீங்க போட்டுக்கோங்க. ஃப்ளைட் 3,600. ஏர்போர்ட் பஸ் 350. உள்ள ஒரு காபி, ஒரு சாண்ட்விச் 250 (அந்த சாண்ட்விச் பத்தி தனியா ஒரு கட்டுரையே எழுதலாம், விடுங்க). மெட்ரோ, ஆட்டோ 200. மொத்தம் 4,400. ரயில் 1,000, மெட்ரோ 90, ஆட்டோ 150. மொத்தம் 1,240. வித்தியாசம் 3,160 ரூபாய்.

15 நிமிஷத்துக்கு 3,160 ரூபாய்னா, ஒரு மணி நேரத்துக்கு 12,640 ரூபாய்.

உங்க கைக்கு வர்ற சம்பளம் 52,000-னு வைங்க. மாசம் 22 நாள், நாளைக்கு 9 மணி நேரம். 198 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 263 ரூபாய். 263 ரூபாய்க்கு விக்கிற அதே மணி நேரத்தை 12,640 கொடுத்துத் திரும்ப வாங்குறீங்க. எந்த வியாபாரியும் இப்படிப் பண்ண மாட்டார்.

மாசம் ரெண்டு தடவை போய் வந்தா நாலு பயணம். நாலு தடவை 15 நிமிஷம், மொத்தம் மாசத்துக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தோட விலைதான் மாசம் 12,640. வருஷத்துக்கு 1,51,680. உங்க வருஷச் சம்பளத்துல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. "எஸ்.ஐ.பி. போடப் பணமே இல்லை சார்"னு கேக்குறவங்க ஸ்டேட்மென்ட்ல நான் முதல்ல இந்த மாதிரி வரியைத்தான் தேடுவேன்.

கொஞ்சம் நில்லுங்க. "அப்போ ஃப்ளைட்ல போறவன் எல்லாம் முட்டாளா?"ன்னு கேப்பீங்க. இல்லவே இல்லை. விலாசத்தை மாத்திப் பாருங்க. ஹெப்பால்ல தங்கியிருக்கீங்க, வீடு குரோம்பேட்டைல. ஹெப்பால்ல இருந்து ஏர்போர்ட் 40 நிமிஷம். பெரிய பை கிடையாது, வெப் செக்-இன் முடிச்சாச்சு, அதனால 1 மணி 15 நிமிஷம் முன்னாடி போனா போதும். பறக்க 1 மணி 10. வெளிய வர 20, வீட்டுக்கு 20. மொத்தம் 3 மணி 45 நிமிஷம். ரயில்ல போனா ஸ்டேஷனுக்கு 50, காத்திருப்பு 30, ரயில் 4 மணி 25, சென்ட்ரல்ல இறங்கி பார்க் ஸ்டேஷன் போய் மின்சார ரயில் பிடிச்சு வீடு சேர 1 மணி 10. மொத்தம் 6 மணி 55 நிமிஷம். இங்க 3 மணி 10 நிமிஷம் நிஜமாவே மிச்சம். கூடுதல் செலவு சுமார் 2,800-னு வெச்சா, ஒரு மணி நேரம் 884 ரூபாய். மாசம் நாலு பயணமும் இப்படிப் போனா கட்டாது. ஆனா தங்கச்சி நிச்சயதார்த்தம், திங்கள் காலை ரிவ்யூ மீட்டிங்னு ஒரு வாரம் வந்தா, யோசிக்காம போடலாம்.

அதே ரெண்டு ஏர்போர்ட். அதே 268 கி.மீ. அதே டிக்கெட் விலை. ஒருத்தருக்கு மணிக்கு 12,640, இன்னொருத்தருக்கு 884. முடிவு பண்றது விமானம் இல்லை, ரெண்டு வீட்டு விலாசமும்தான்.

டெல்லிக்குப் போட்டா கணக்கே தலைகீழ். சென்னையில இருந்து டெல்லி நேர்கோட்டுல சுமார் 1,750 கி.மீ. பெங்களூர் தூரத்தைப் போல ஆறரை மடங்கு. டிக்கெட்ல நேரம் 2 மணி 50 நிமிஷம் பக்கம், அதாவது வெறும் ரெண்டரை மடங்குக்கும் கீழே. வீட்டுல இருந்து வீட்டுக்கு ஏழு மணி நேரம். ரயில்ல வீடு சேர 35 மணி நேரம் வைங்க. மிச்சம் 28 மணி நேரம். ஃப்ளைட்ல எல்லாம் சேர்த்து 7,800, மூணாம் ஏசி ரயில்ல சாப்பாடு, ஆட்டோ சேர்த்து 3,000-னா, வித்தியாசம் 4,800. ஒரு மணி நேரம் 171 ரூபாய். உங்க சம்பள மணியைவிடக் கம்மி. அங்க ரயில்ல போறதுதான் நஷ்டம், ரயில் பயணமே பிடிக்கும்னா அது வேற விஷயம். அஞ்சு மணி நேர ஃபிக்ஸட் செலவு 268 கி.மீ.யில பங்கு பிரிஞ்சா கழுத்தை நெரிக்கும், 1,750-ல பங்கு பிரிஞ்சா தெரியவே தெரியாது.

நடுவுல இருக்கிற கோயம்புத்தூர், மதுரைதான் குழப்பம். சென்னையில இருந்து ரெண்டும் நேர்கோட்டுல 400 கி.மீ. சுமார். கோவை ஏர்போர்ட் பீளமேட்டுல, ஊருக்குள்ளயே இருக்கு. தேவனஹள்ளி மாதிரி தனி ஊருக்குப் போக வேண்டாம். அதனால அங்க ஃப்ளைட்டுக்குக் கொஞ்சம் நியாயம் கூடும். நீங்களே போட்டுப் பாருங்க.

இன்னொரு சின்ன விஷயம். சில பேர் "ஏடிஆர் விமானம், ரெக்கை மேல காத்தாடி இருக்கும், மெதுவாப் போகும்"னு அந்த டிக்கெட்டைத் தவிர்த்துட்டு ஜெட்டுக்கு 600 ரூபாய் அதிகம் கொடுப்பாங்க. ஏடிஆர் மணிக்கு 500 கி.மீ.னு வெச்சா 268 கி.மீ.க்கு 32 நிமிஷம். ஜெட்டுக்கு 19. பதிமூணு நிமிஷ வித்தியாசம், அதுவும் பேப்பர்ல. அதுக்கு 600 ரூபாய் வேண்டாமே.

அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ்

இந்தக் கட்டுரையை எழுத வெச்சது ஒரு மெயில். பேர் சொல்லலை. எலக்ட்ரானிக் சிட்டி - பெரம்பூர் விலாசம் அவரோடதுதான். வயசு 27. அப்பாவுக்கு சிறுநீரகப் பிரச்சினை, வாரம் மூணு நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன் அம்மா கூட்டிட்டுப் போறாங்க. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை இவர் போய் அப்பா பக்கத்துல உட்கார்ந்துக்கிறார், அம்மா அன்னிக்கு ஒரு நாள் வீட்டுல இருக்கட்டும்னு. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும். கார்டுல பாக்கி 84,000. "சார், எல்லாரும் தேவையில்லாத செலவைக் குறைன்னு சொல்றாங்க. இது தேவையில்லாத செலவா?"ன்னு கேட்டிருந்தார்.

நிச்சயமா இல்லை தம்பி. அப்பா பக்கத்துல உட்கார்றது உங்க பட்ஜெட்லயே முதல் வரி. அதுல கை வைக்கிற யோசனை எனக்கு இல்லை. ஆனா அந்த வரியில இருக்கிறது அப்பாவோட இருக்கிற சனிக்கிழமை. அங்க போய்ச் சேர்ற வாகனம் இல்லை. ரெண்டும் ஒரே செலவுன்னு மனசு நம்ப வெச்சுடும். கவனமா இருங்க.

வெள்ளிக்கிழமை எட்டரை மணி ஃப்ளைட்டைப் பிடிக்க, சாயங்காலம் 4.45-க்கே ஆபீஸ்ல இருந்து கிளம்பணும். மாசம் ரெண்டு தடவை பர்மிஷன். மேனேஜர் இப்போ சிரிச்சுக்கிட்டே கொடுப்பார், அப்ரைசல்ல என்ன எழுதுவார்னு தெரியாது. வீடு சேரும்போது ராத்திரி 11 மணி. அப்பா தூங்கியிருப்பார். காலை ஏழு மணிக்குத்தான் அவரோட பேச்சு.

பெங்களூர் - சென்னை மெயில்னு ஒரு ரயில் இருக்கு. ராத்திரி கிளம்பி, விடியறதுக்குள்ள சென்ட்ரல் சேர்த்துடும். ஆபீஸ் முழு நேரம் முடிச்சு, சாப்பிட்டு, மெட்ரோ பிடிச்சுப் போகலாம். காலை அஞ்சே கால் மணிக்கு வீடு. ஆறரைக்கு அப்பாவோட ஆட்டோல. கடிகாரப்படி இது ஃப்ளைட்டைவிட ஆறு மணி நேரம் லேட்டு. ஆனா அந்த ஆறு மணி நேரமும் ரெண்டு வழியிலயும் தூக்கம்தான், ஒண்ணு வீட்டுக் கட்டில்ல, இன்னொண்ணு பெர்த்துல. ரயில் தூக்கம் வீட்டுத் தூக்கம் இல்லைன்னு ஒத்துக்கிறேன். அதுக்காக மூணாம் ஏசி எடுங்க, 700 ரூபாய் பக்கம் வரும். ஸ்லீப்பர்ல 300 ரூபாய்க்குள்ள முடியும், ஆனா ராத்திரி முழுக்க முழிச்சிருந்துட்டு டயாலிசிஸ் வார்டுல நாலு மணி நேரம் உட்கார்றது உங்களுக்கு நல்லது இல்லை. இந்த இடத்துல நான் கஞ்சத்தனம் சொல்ல மாட்டேன்.

மெட்ரோ, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஒரு பயணம் 940. மாசம் நாலுக்கு 3,760. இப்போ நீங்க கட்டுறது 17,600. மிச்சம் 13,840. கார்டு பாக்கிக்கு மாசம் 3.5 சதவீதம் வட்டின்னா, 84,000-க்கு முதல் மாச வட்டியே 2,940, அதுக்கு மேல ஜி.எஸ்.டி. வேற. மிச்சமாகிற 13,840-ஐ அப்படியே கார்டுக்குக் கட்டி, புதுசா எதையும் தேய்க்காம இருந்தா, ஏழெட்டு மாசத்துல பாக்கி பூஜ்யம். அப்பாவோட ஒரு சனிக்கிழமைகூடக் குறையாது.

ஒரு பிரச்சினை உண்டு: டிக்கெட் கிடைக்கணும். 2024 நவம்பர்ல இருந்து ரயில் முன்பதிவு 60 நாள் முன்னாடிதான் திறக்குது. உங்க சனிக்கிழமைகள் முன்னாடியே தெரிஞ்சதுதானே? மாசம் ரெண்டு நாள் போன்ல அலாரம் வெச்சு, போறதும் வர்றதும் சேர்த்து எடுத்துடுங்க. வெயிட்டிங் லிஸ்ட்ல மாட்டிக்கிட்டு கடைசி நேரத்துல 6,000 கொடுத்து ஃப்ளைட் போடுறதுதான் இந்தத் திட்டத்தைக் கெடுக்கும்.

இப்போ முக்கியமான இடம். வீட்டுல இருந்து எந்த நேரத்துலயும் போன் வரலாம்னு நீங்க எழுதியிருந்தீங்க. அந்த போனுக்காக 20,000 ரூபாயைத் தனியா, தேய்க்க முடியாத ஒரு சேமிப்புக் கணக்குல வெச்சுடுங்க. கார்டு பாக்கியை அடைக்கிறதுக்கு முன்னாடியே. வட்டிக் கணக்குப்படி இது தப்புதான், 20,000-ஐ கார்டுக்குக் கட்டினா மாசம் 700 ரூபாய் மிச்சம். பரவாயில்லை. அந்த நாள்ல மணி நேரத்துக்கு விலை போட முடியாது. அன்னிக்கு மேல சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது.

ஆனா அன்னிக்கும் ஒரு கணக்கு உண்டு, பணக் கணக்கு இல்லை, நேரக் கணக்கு. ராத்திரி 11 மணிக்கு போன் வருது. கை தானா ஃப்ளைட் ஆப்பைத் திறக்கும். "1 மணி 10 நிமிஷம்"னு காட்டும். ஆனா அது காலை முதல் ஃப்ளைட். ஆறு மணிக்குக் கிளம்பினாலும் வீடு சேர எட்டரை. எலக்ட்ரானிக் சிட்டியில இருந்து 11.30-க்கு டிரைவரோட ஒரு டாக்சி எடுத்தா, ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர்னு காலி ரோட்டுல காலை அஞ்சரை, ஆறு மணிக்குப் பெரம்பூர். வேகமான வாகனம் முதல்ல போய்ச் சேராது, முதல்ல கிளம்புற வாகனம்தான் சேரும். அதே போன் பகல் 11 மணிக்கு வந்தா, அடுத்த ஃப்ளைட் எப்போன்னு பார்த்து, வீடு சேரும் நேரத்தை டாக்சியோட ஒப்பிட்டுப் பாருங்க. ஆப் காட்டுற பயண நேரத்தைப் பார்க்காதீங்க, வீடு சேரும் நேரத்தைப் பாருங்க. நீங்களே ஓட்டிட்டு மட்டும் போகாதீங்க. இந்த ஒரு வரிக்காகவாவது அந்த 20,000 இருக்கட்டும்.

ஃப்ளைட்தான் போடப் போறீங்கன்னா

தூரமும் நேரமும் உங்க உரிமையைத் தீர்மானிக்கிற சில இடங்கள் இருக்கு. தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

விமானத்தை முறைப்படி முன்னாடியே சொல்லாம ரத்து பண்ணினா, டி.ஜி.சி.ஏ. விதிப்படி நஷ்டஈடு உண்டு. அதன் அளவு பிளாக் டைமை வெச்சுதான். ஒரு மணி நேரம் வரை 5,000 ரூபாய், ஒரு மணிக்கு மேல ரெண்டு மணி வரை 7,500, அதுக்கு மேல 10,000. இல்லைன்னா உங்க ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. ரெண்டுல எது கம்மியோ அதுதான். அதனால 3,600 ரூபாய் டிக்கெட்டுக்கு 7,500 வரும்னு கனவு காணாதீங்க. புயல், மழை மாதிரி நிறுவனத்தோட கையில இல்லாத காரணம்னா நஷ்டஈடு கிடையாது. புக் பண்ணும்போது உங்க சொந்த போன் நம்பரைக் கொடுக்கலைன்னாலும் கிடையாது. ஏஜென்ட் நம்பரைப் போட்டு வெக்கிறவங்க கவனிங்க.

ரெண்டரை மணி நேரத்துக்குள்ள போற ஃப்ளைட் ரெண்டு மணி நேரம் தாமதம்னா சாப்பாடு, தண்ணி கேளுங்க, அது சலுகை இல்லை. ஆறு மணி நேரத்துக்கு மேல தாமதம்னா மாற்று விமானம் இல்லை முழுப் பணம்.

2025 டிசம்பர்ல இண்டிகோ விமானங்கள் கூட்டம் கூட்டமா ரத்தாகி டிக்கெட் விலை எகிறினப்போ, அரசு தூரத்தை வெச்சு உச்சவரம்பு போட்டது ஞாபகம் இருக்கும். 500 கி.மீ. வரை 7,500, ஆயிரம் வரை 12,000, 1,500 வரை 15,000, அதுக்கு மேல 18,000, வரிகள் தனி. சென்னை - பெங்களூர் முதல் தட்டுல வந்தது. 2020 மே மாசம் கொரோனா நேரத்துல போட்ட வரம்பு தூரத்தை வெச்சு இல்லை, நேரத்தை வெச்சு. 40 நிமிஷத்துக்குக் கீழ இருந்தா 2,000-ல இருந்து 6,000 வரைன்னு ஆரம்பிச்சது. இதெல்லாம் தற்காலிகம்தான். சாதாரண நாள்ல விலையைத் தீர்மானிக்கிறது தூரம் இல்லை, எத்தனை சீட் காலி, யார் எவ்வளவு அவசரத்துல இருக்காங்கங்கிறதுதான். தீபாவளிக்கு முந்தின நாள் 268 கி.மீ.க்கு டெல்லி விலை கேக்குறது அதனாலதான்.

டிக்கெட் ரத்து பண்ணும்போது "நான்-ரீஃபண்டபிள், ஒண்ணும் வராது"ன்னு விட்டுடாதீங்க. வரிகளும், விமான நிலையப் பயனர் கட்டணமும் திருப்பித் தரணும்னு விதி இருக்கு. விமானத்தைத் தவற விட்டிருந்தாலும் அது பொருந்தும். சில நூறு ரூபாய்தான், ஆனா உங்க பணம்.

கடைசியா வரி. பழைய வரி முறையில இருந்து, உங்க சம்பளத்துல எல்.டி.ஏ. இருந்தா, நாலு காலண்டர் வருஷ பிளாக்ல ரெண்டு பயணத்துக்கு விலக்கு கேக்கலாம். இப்போ நடக்குற பிளாக் 2026-ல இருந்து 2029. போன பிளாக்ல எடுக்காத ஒரு பயணம் இருந்தா 2026-க்குள்ள எடுத்துடுங்க. லீவு போட்டுப் போயிருக்கணும், இந்தியாவுக்குள்ள இருக்கணும், டிக்கெட் கட்டணம் மட்டும்தான், ஹோட்டல், சாப்பாடு வராது. இங்கயும் தூரம் வருது பாருங்க: விமானத்துல போனா, போற ஊருக்குக் குறைஞ்ச தூர வழியில எகானமி கட்டணம் எவ்வளவோ அதுவரைதான் விலக்கு. சென்னையில இருந்து கொச்சிக்கு மும்பை சுத்திப் போய், அந்த முழு டிக்கெட்டையும் கொடுத்தா ஆடிட்ல வெட்டிடுவாங்க. புது வரி முறைக்கு மாறிட்டவங்களுக்கு இந்த விலக்கே கிடையாது. இப்போ தானா வர்றது புது முறைதான், நீங்க எதுல இருக்கீங்கன்னு சம்பள சீட்டைப் பார்த்துட்டு அப்புறம் போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்துங்க.

மேல போட்ட கணக்கை எக்செல் ஷீட்டா வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல வெச்சிருக்கேன். மஞ்சள் கட்டத்துல மட்டும் உங்க நம்பரைப் போடணும்: ரெண்டு வீட்டுல இருந்து ஏர்போர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் ஆகிற நேரம், செலவு, உங்க கைக்கு வர்ற சம்பளம். ஒரு மணி நேரம் எவ்வளவு விலைன்னு கீழ சிவப்புல வரும். உங்களுக்கு வந்த நம்பரை, எந்த ஏரியாவுல இருந்து எந்த ஏரியாவுக்குன்னு சேர்த்து கமென்ட்ல போடுங்க. ஹைதராபாத், புனே ஆளுங்களும் போடுங்க, அடுத்த வீடியோவுக்கு அதுதான் எனக்கு வேணும்.